டிஎக்ஸ் வேகனுக்கு வேறு ஸ்டியரிங்: இரண்டு சனிக்கிழமை வேலை

அப்பா பாவித்த 1985 டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன் காரின் ஸ்டியரிங் வெயிலில் வெடிப்பு விட்டு, ஓடி முடித்து இறங்கினால் உள்ளங்கையெல்லாம் கறுப்புத் தூள். உறை போட்டும் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 350 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டியரிங் வீல் ஒன்று வாங்கினேன், பழையதுதான், கூடவே ஒரு பாஸும். கராஜ் பாஸ் இல்லை, ஸ்டியரிங் தண்டுக்கும் வீலுக்கும் நடுவில் வந்து இரண்டையும் இணைக்கிற பாஸ். இதைக் கடையில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓட்டை ஒத்துவரவில்லை. இரண்டிலும் ஆறு போல்ட்தான், ஆனால் மோமோ, நார்டி என்று ஸ்டியரிங் வீல் செய்கிற இரண்டு கம்பனிகளின் அளவு வேறு வேறு: மோமோ வகையில் எதிரெதிர் ஓட்டைகளுக்கு இடையே 70 மில்லிமீற்றர், நார்டி வகையில் 74. என் வீல் 74, பாஸ் 70. பக்கத்துக்கு இரண்டு மில்லிமீற்றர்தானே, அராவிவிடலாம் என்றான் மச்சான். உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் அராவுவதா? அடுத்த சனிக்கிழமை போய், இரண்டு அளவும் துளைத்த பாஸாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

பெற்றரி நெகட்டிவைக் கழற்றி, முன் சில்லுகளை நேராக்கி, ஹோர்ன் மூடியை எடுத்தால் உள்ளே 19 மில்லிமீற்றர் நட். அதை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து சுற்று விட்டுவிட்டு வீலை மாறி மாறி ஆட்டி இழுங்கள். எனக்கு இருபது நிமிஷம் அசையவே இல்லை, அப்புறம் ஒரே இழுவையில் ‘டக்’கென்று வந்து நட்டில் முட்டி நின்றது, நட் இல்லாவிட்டால் மூக்கு போயிருக்கும். (எயார்பேக் உள்ள கார் என்றால் இந்த வேலையே வேண்டாம்.) தண்டில் 36 பல், ஒரு பல் தவறினால் வீல் 10 பாகை சரியும். பெயின்றால் கோடு போட்டும் நான் தவறவிட்டேன், காலி வீதியில் நேராகப் போகும்போது வீல் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தெஹிவளை வருமுன்பே பொறுக்க முடியாமல் திரும்பிவந்து மறுபடி கழற்றினேன்.

அதிகம் படுத்தியது ஹோர்ன். பொத்தானை அழுத்தினால் எர்த் கிடைத்துத்தான் ஹோர்ன் அடிக்கும். பாஸுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்ததால் எர்த் வயர் இரும்பில் தொடவே இல்லை. ஸ்குரூவுக்குக் கீழே காசளவு பெயின்றைச் சுரண்டியதும் ஒழுங்கையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. கொழும்பில் பிரேக் இல்லாமல்கூட ஓடிவிடலாம், ஹோர்ன் இல்லாமல் முடியாது.

பிடிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத கார், காரோடு வந்த வீல் 380 மில்லிமீற்றர், இது 350, அதனால் திருப்ப ஏறக்குறைய 9 சதவீதம் கூடப் பலம் வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கையில் பார்க் பண்ணும்போது தோள் சொல்லிவிடுகிறது. இடப்பக்க இண்டிகேட்டரும் இப்போது தானாக அணைவதில்லை. பாஸின் பின்பக்க முளை, இண்டிகேட்டரை அணைக்கிற வளையத்தில் சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன், அதற்கு இன்னொரு தடவை கழற்ற வேண்டும். இந்தச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.