தும்மலுக்கு முன்

இன்று காலை வடசேரி பேருந்து நிலையத்தில் மைனிக்குத் தும்மல் வந்தது.

தும்முவதற்கு முன் சட்டென்று காலோடு கால் பின்னி இறுக்கிக்கொண்டார்.

ஒரு நொடிதான். எனக்குப் புரிந்துவிட்டது, தும்மினால் சிறுநீர் கசிந்துவிடும் என்ற பயம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் தும்மினேன்.

"பிள்ளை பெத்தா இப்படித்தான் மக்களே. யாருகிட்ட சொல்ல?" என்றார்.

எனக்குப் பேறுகாலத்தில் வேதுத் தண்ணி, மருந்து எல்லாம் கிடைத்தது, குறையே இல்லை. ஆனால் மூத்திரப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் உண்டு, பத்து மாதச் சுமையிலும் பிரசவத்திலும் அவை தளரும், பயிற்சியால் பலப்படும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிசியோதெரபி என்றால் முட்டுவலிக்கு என்றுதான் நினைத்திருந்தேன்; இதற்கும் உண்டு.

சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல விட வேண்டும். ஒரு தடவைக்கு 10, நாளுக்கு 3 தடவை. மூச்சை மட்டும் பிடிக்கக் கூடாது. கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்த பயிற்சி. (நம் வீட்டு அடுக்களைவரை வர இவ்வளவு நாளா!) எனக்குப் பலன் தெரிய மூன்று மாதம் ஆனது.

மார்த்தாண்டம் பஸ்ஸில் மைனியின் காதோடு சொல்லிக்கொடுத்தேன். தக்கலை தாண்டும்போது திரும்பினார்.

"இப்பவும் செய்யுதேன். வெளிய தெரியுதா?"