சித்தியை உட்கார வைத்துப் பார்த்த பிறகு காரை வாங்குங்கள்

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு "சொகுசு ஒன்றும் குறைவில்லை" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு யாரும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கூடாது. அந்தத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம். 2016-இல் அதன் மேற்பரப்பைப் புதிதாகப் போட்டார்கள். அங்கே குழி இல்லை, ஒட்டுப் போட்ட தார் இல்லை, லாரிகள் மிதித்து உண்டாக்கிய பள்ளமும் இல்லை. அந்த வழவழப்பில் எந்தக் காரும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். காலை ஏழரை மணிக்கு எல்டிபி நெடுஞ்சாலையில் பூச்சோங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து பாருங்கள். காரின் குணம் அங்கேதான் தெரியும்.

இதை எழுத வைத்தவன் என் சித்தப்பா மகன். வியாபாரத்தில் நாலு காசு பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை செப்பாங், திங்கட்கிழமை அலுவலகம், இரண்டுக்கும் ஒரே கார் வேண்டும் என்பது அவன் ஆசை. பட்டியலில் மூன்று கார்கள்: போர்ஷே 718 கேமன் ஜிடி4, ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர்86. மூன்றாவது நான் ஓட்டும் கார். என் பாரபட்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, ஜிடி4 முதுகை உடைத்துவிடும் என்கிறார்களே?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. எல்லாரும் கேட்கும் கேள்வி. சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) கடினமாக இருந்தாலே முதுகு போய்விடும் என்று நம் ஆட்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

சாதாரணக் குடும்பக் காரின் உடல், ஸ்பிரிங் மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை ஏறி இறங்கும் கணக்கில் அமைக்கப்படுகிறது. தடத்தை மனத்தில் வைத்துச் செய்த சாலைக் கார்களில் அது இரண்டை எட்டும். இறக்கைகள் கொடுக்கும் காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டிய பந்தயக் கார்களில் மூன்றையும் தாண்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை அதிகம் வதைப்பதோ நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான மேல்கீழ் அதிர்வு. வயிறும் முதுகெலும்பும் சேர்ந்து குலுங்குவது அந்த எல்லைக்குள்தான். கான்கிரீட் சாலை ஒன்றில் ஐந்து மீட்டருக்கு ஓர் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 25 மீட்டர், அதாவது நொடிக்கு ஐந்து தட்டு. சரியாக உடம்பு வெறுக்கும் இடத்தில் போய் விழுகிறது. வேகத்தை 60-க்குக் குறைத்தால் அதே சாலையில் தட்டு மூன்று சொச்சமாக இறங்கிவிடும், காரும் சாதுவாகிவிடும். ஒரு கார் ஒரே சாலையில் ஒரு வேகத்தில் இம்சையாகவும் இன்னொரு வேகத்தில் இதமாகவும் இருப்பதன் காரணம் இதுதான். ஆகவே விற்பவர் காட்டும் ஒரு கிலோமீட்டர் சுற்றில் ஒன்றும் தெரியாது.

ஸ்பிரிங்கைவிட முக்கியம் அப்சார்பர், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய். காசைக் கொட்டி வாங்கும் கார்களில் காசு போவது அங்கேதான். அப்சார்பரின் தண்டு மெதுவாக நகரும்போது (வளைவில் கார் சாயும்போதும், பிரேக் பிடித்துத் தலை குனியும்போதும்) இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அதே தண்டு திடீரென்று வேகமாகக் குத்தப்படும்போது, குழியிலோ பால இணைப்பிலோ, எண்ணெய்க்குச் சட்டென்று வழிவிட்டு அடியை விழுங்க வேண்டும். நல்ல அப்சார்பர் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கும். மலிவானது இரண்டுக்கும் ஒரே பதில் வைத்திருக்கும், அந்தப் பதில் உங்கள் இடுப்பில் வந்து விழும்.

இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1996 முதல் 2017 வரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸ், நம் நாட்டுக் கார் நிறுவனமான புரோட்டோனின் கையில் இருந்தது. புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ காரின் சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொடுத்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். அளவான ஸ்பிரிங், கச்சிதமான அப்சார்பர், அனாவசிய எடை கூடாது என்பது அவர்கள் பள்ளி. அந்தக் காரில் உலு யாம் மலைப்பாதையில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே பிளாஸ்டிக் கிறீச்சிடும், ஆனால் சாலை எவ்வளவு கெட்டிருந்தாலும் சக்கரம் தரையை விடாது. இன்று அதே வயதுப் பிள்ளைகள் நல்ல மைவியை (நம் ஊர்ச் சின்னக் கார்) வாங்கி, மலிவான கோயிலோவர் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய தொகுதி) போட்டு, சக்கரம் மட்காப்புக்குள் ஒளியும்வரை இறக்கிவிடுகிறார்கள். அப்சார்பர் நகர இடமே இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் கார் உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது. "ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடுகிறது" என்று பெருமை வேறு!

இதை நான் சொன்னால் தம்பி நம்பவில்லை. சித்தி சொன்னபோது நம்பினான்.

அவனுடைய நண்பர் ஒருவர் ஷா ஆலமில் சாம்பல் நிற ஜிடி4 வைத்திருக்கிறார். பார்க்கப் போனபோது சித்தியும் வந்தார். வேடிக்கை பார்க்க அல்ல. பணத்தில் கால் பங்கு அவருடையது. அந்தக் காரில் கார்பன் பக்கெட் இருக்கை. முதுகுச் சாய்வு அசையாது. உயரத்தைப் பொத்தானால் மாற்றலாம், முன்னும் பின்னும் கையால் தள்ளலாம், அவ்வளவுதான். சித்திக்கு முழங்கால் வலி. சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முதலில் பின்பக்கத்தை உள்ளே இறக்கி, இருக்கையின் உயர்ந்த விளிம்பு தொடையில் அழுத்த, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். உட்கார்ந்தபின் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, இது நாற்காலியா, அண்டாவா?"

நான் ஓட்டினேன். குடியிருப்பு வாசலில் இருந்த வேகத்தடைகள், தாமான் சாலையில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய ஒட்டுகள், பிறகு கூட்டரசு நெடுஞ்சாலையில் சிறிது தூரம். கார் ஒவ்வொரு மேட்டையும் ஒரே அசைவில் முடித்தது. ஏறியது, இறங்கியது, தீர்ந்தது. இரண்டாவது குலுக்கல் இல்லை. நெடுஞ்சாலையில்தான் சித்தி குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அகலமான பின் டயரின் இரைச்சலும், பின்னால் இருக்கும் நான்கு லிட்டர் என்ஜினின் முழக்கமும் சேர்ந்து காதை அடைத்தன. திரும்பி வந்ததும் நானும் தம்பியும் ஆளுக்கொரு கை கொடுத்து அவரை வெளியே தூக்கினோம். மூச்சு வாங்கியபடி, "முதுகுக்கு ஒன்றுமில்லை. பேரனுடைய மைவிக்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனால் இதில் ஏறி இறங்க எனக்கு இன்னொரு முழங்கால் வேண்டும்" என்றார். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சவாரியில் தேறிய கார் இருக்கையில் தோற்றது.

ஆகவே சொகுசு என்றால் சஸ்பென்ஷனை மட்டும் பார்க்காதீர்கள். இருக்கை, இரைச்சல், ஏறி இறங்கும் பாடு, கொண்டோமினியம் வாகன நிறுத்துமிடத்துச் சரிவில் முன்மூக்கு உரசுமா என்பது எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமல்ல. கோலாலம்பூரின் பல கட்டடங்களில் அந்தச் சரிவுகளைச் செங்குத்தாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்களில் முன்பக்கத்தைத் தூக்கும் வசதி கூடுதல் காசுக்குக் கிடைக்கிறது. நம் நகரத்தில் கார்பன் கூரையைவிட அதற்குக் காசு கொடுப்பேன்.

டயருக்கு வருவோம். ஜிடி4 தொழிற்சாலையிலிருந்து மிஷ்லின் கப் 2 வகை டயரோடு வந்தது. காய்ந்த தடத்தில், சூடேறியபின், அதற்கு ஈடில்லை. மாலை நான்கு மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஊரில் அதே டயர் வேறு கதை. அதன் கோடுகள் ஆழமில்லாதவை, தேங்கிய தண்ணீரை வெளியே தள்ள இடம் போதாது. நெடுஞ்சாலை ஓரத்தில் தண்ணீர் கட்டும் இடங்கள் எவை என்று தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். அங்கே அந்த டயரோடு 90-இல் போவது வீரம் அல்ல. தினமும் ஓட்டுகிறவர் சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர் போட்டுக்கொண்டு, தட நாளுக்கு இன்னொரு செட் சக்கரம் வைத்துக்கொள்வதே நல்லது. சவாரியும் கொஞ்சம் இளகும். டயரின் பக்கச் சுவருக்கு அதில் பங்கு உண்டு. மைவியின் 185/55 டயரில் (அகலம் 185 மி.மீ., சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு) சுவர் ஏறக்குறைய 102 மி.மீ. முந்தைய டைப் ஆரில் 20 அங்குலச் சக்கரம், 245/30 டயர், சுவர் 73 மி.மீ. இப்போதைய டைப் ஆரில் சக்கரத்தை 19 அங்குலமாகக் குறைத்து 265/30 போட்டார்கள், சுவர் 79 ஆனது. ஆறு மில்லிமீட்டர் என்று சிரிக்காதீர்கள். கூர்மையான குழியில் விளிம்பு வளைவதற்கும் தப்புவதற்கும் இடையில் அதுவும் ஒரு காரணம். அதோடு டயரின் காற்றழுத்தத்தையும் பாருங்கள். பார்க்கப் போகும் கார்கள் பலவற்றில் அழுத்தம் கூடுதலாகவே இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் "கரடுமுரடு" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

பணக் கணக்கு. நம் சாலை வரி என்ஜின் கொள்ளளவைப் பார்ப்பதால், தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் 1,996 சிசி டைப் ஆருக்கு வருடம் 378 வெள்ளி (ரிங்கிட்), 2,387 சிசி ஜிஆர்86-க்கு 767 வெள்ளி, 3,995 சிசி ஜிடி4-க்கு 6,607 வெள்ளி 50 காசு. 3,000 சிசிக்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி ஏறுகிறது. வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் இது தூசு என்பார்கள். ஆண்டுதோறும் அந்தத் தூசைத் துடைப்பது நாம்தானே. காப்புறுதி இன்னும் முக்கியம். வழக்கமான வாகனக் காப்புறுதிப் பத்திரத்தில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். செப்பாங்கில் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது. பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டு, முகவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பயன்படுத்திய கார் என்றால் மட்காப்பின் உள்பக்கத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தடத்தில் ஓடிய காரில் மிளகு அளவு கறுப்பு ரப்பர் உருண்டைகள் பிளாஸ்டிக் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கழுவினாலும் மூலையில் ஒன்றிரண்டாவது மிஞ்சும். பிரேக் தட்டில் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா, நான்கு டயரின் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து பயன்படுத்திய நிலையில் இறக்குமதியாகும் ரீகான் கார் என்றால் ஏலச் சீட்டைக் கேளுங்கள், அதில் ஆர் என்ற தரம் இருந்தால் விபத்துக்குப்பின் பழுதுபார்த்த கார். போர்ஷே ஜிடி வகைகளில் என்ஜின் எல்லை மீறிச் சுழன்ற பதிவுகளைக் கணினியிலிருந்து எடுக்க முடியும். அதை எடுக்கத் தயங்கும் விற்பனையாளரிடம் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். தடத்தில் ஓடியதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றித் தடத்தில் ஓட்டிய கார், ஜாலான் புக்கிட் பிந்தாங் நெரிசலில் வருடக்கணக்கில் வெந்த காரைவிட ஆரோக்கியமாக இருக்கலாம். மறைப்பதுதான் குற்றம்.

ஜிடி4-இல் இன்னொரு வேடிக்கை உண்டு. அதன் இரண்டாவது கியரே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். நம் நெடுஞ்சாலையின் உச்ச வரம்பு 110. அந்த அற்புதமான என்ஜினின் உச்சக் குரலைச் சட்டத்துக்கு உட்பட்டுக் கேட்க வேண்டுமானால் முதல் கியரை விட்டு நகரக் கூடாது. என் ஜிஆர்86-இன் விலை அதில் பாதிகூட இல்லை, ஆனால் அது தரும் மகிழ்ச்சியை அன்றாடம் அனுபவிக்க முடிகிறது. பின் இருக்கை பெயருக்குத்தான். பை வைக்கலாம், சித்தியை வைக்க முடியாது.

தம்பி டைப் ஆர் பக்கம் சாய்ந்துவிட்டான். 2023-இல் இங்கே வந்தபோது அதன் விலை 399,900 வெள்ளி. நான்கு பேர் உட்காரலாம், கதவு நான்கு, சித்தி பின்னால் தானாகவே ஏறி இறங்குகிறார். கம்ஃபர்ட் நிலையில் அப்சார்பர் இளகிக்கொடுக்கிறது. +ஆர் நிலையை எல்டிபியில் தொடவே வேண்டாம், அது செப்பாங்குக்கு உரியது. நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: அப்சார்பரிலும் ஸ்பிரிங்கிலும் கை வைக்காதே, அங்கே ஹோண்டா செய்த வேலையைப் பட்டறைக்காரர் எவரும் மேம்படுத்தப் போவதில்லை. முதல் தட நாளுக்கு முன் பிரேக் எண்ணெயையும் பேடையும் மாற்று. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். செப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து பிரேக்கை அழுத்த வேண்டும், பழைய எண்ணெய் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். "டயர்?" என்று கேட்டான். வந்த டயரைத் தேயும்வரை ஓட்டு என்றேன். ஏற்கெனவே இணையத்தில் விலை பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, பதிலே சொல்லவில்லை.