எப்ப எழுதினாங்க, யாருக்கு எழுதினாங்க

ஜூன் 4

டெர்வ்லா மர்ஃபியோட ‘ஃபுல் டில்ட்’ங்கற பயண புக்கு படிச்சிட்டு இருக்கேன். 1963 ஜனவரில ஐரோப்பாவே பனில உறைஞ்சு கிடக்கும்போது சைக்கிள எடுத்துட்டு கிளம்பி இந்தியா வரைக்கும் வந்த அயர்லாந்துக்காரங்க. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிளும் ஒரு அட்லஸும் கிடைச்சிருக்கு, அப்பவே இந்தியாவுக்கு சைக்கிள்லயே போறதுன்னு முடிவு, ஆனா படுக்கையில இருந்த அம்மாவ பாத்துக்க வேண்டி இருந்ததால முப்பது வயசு தாண்டி, அம்மா இறந்த அப்புறம்தான் கிளம்ப முடிஞ்சிருக்கு.

சைக்கிளுக்கு பேரு ராஸ், ஸ்பானிஷ் நாவல் நாயகன் டான் கிஹோட்டே குதிரையோட பேர சுருக்கி வச்சது. கிளம்புறதுக்கு முன்னாடி கியர கழட்டிட்டாங்களாம், போற ரோட்டுக்கு அது தாங்காதுன்னு. ஸ்பேர் டயர வழியில இருக்கிற ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வச்சிருக்காங்க. இந்த மாதிரி விஷயத்த படிக்கத்தான் நான் சைக்கிள் புக் எடுக்கறதே, தத்துவமெல்லாம் அப்புறம்.

ஜூன் 6

யூகோஸ்லாவியாவுல ஓநாய் மேல பாயுது, கையில இருந்த பிஸ்டலால சுடறாங்க. ஆப்கானிஸ்தான்ல பஸ்ல நடந்த தள்ளுமுள்ளுல துப்பாக்கி கட்டை பட்டு விலா எலும்பு உடையுது. ரெண்டையுமே கிட்டத்தட்ட வானிலை அறிக்கை மாதிரி சொல்லிட்டு போறாங்க. புக் முழுக்க டைரி வடிவம்தான், ராத்திரி உக்காந்து அன்னைக்கு நடந்தத எழுதினது, அந்த களைப்போட எழுதுறப்ப எதுவும் பெருசா தெரியாது போல. பத்து வருஷம் கழிச்சு எழுதியிருந்தா அந்த ஓநாய்க்கு தனி அத்தியாயமே கிடைச்சிருக்கும்.

ஜூன் 7

நடுவுல ஒரு சின்ன தாவல், தாமஸ் ஸ்டீவன்ஸ். முன்சக்கரம் ராட்சச சைஸ்ல இருக்குமே, அந்த சைக்கிள்ல 1884ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கிளம்பி 1886 கடைசில யோகஹாமாவுல முடிச்சவர். உலகத்த சைக்கிள்ல சுத்தினதுல முதல் ஆளு. ஆனா படிச்சா பல இடத்துல ரோடே கிடையாது, மனுஷன் தள்ளிட்டுதான் நடக்கறாரு. ரெண்டு வால்யூம், ஸ்கிப் பண்ணி ஸ்கிப் பண்ணிதான் போறேன், போற நாட்டு ஜனங்கள அவரு பாக்குற பார்வை அந்தக் கால வெள்ளைக்கார மிதப்பு, ரொம்ப நேரம் தாங்க முடியல.

ஜூன் 13

பேட்ரிக் லீ ஃபெர்மர், இங்கிலாந்து பயண எழுத்தாளர். இவரப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதணும்.

1933 டிசம்பர்ல பதினெட்டு வயசுல ஹாலந்துல இறங்கி கான்ஸ்டான்டிநோபிள் (இப்ப இஸ்தான்புல்) வரைக்கும் நடக்க ஆரம்பிச்சவர். ம்யூனிக்ல பையோட சேத்து டைரியும் திருடு போயிடுது. இதுல முதல் பாகம் ‘எ டைம் ஆஃப் கிஃப்ட்ஸ்’ வெளிவந்தது 1977ல! நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா படிக்கறப்ப பனி விழற சத்தம், மதுக்கடையில யாரு எப்படி சிரிச்சாங்க, எல்லாம் நேத்து நடந்த மாதிரி இருக்கு. எப்படிய்யா ஞாபகம் இருக்கும்னு ஒரு பக்கம் தோணுது, இன்னொரு பக்கம் இவ்ளோ அழகா எழுதினா ஞாபகம் இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னும் தோணுது. அந்த வயசு பையன் பாத்தத அறுபது வயசு ஆளு படிச்ச படிப்போட சேத்து எழுதறாரு, அதனால நடக்கறது ஒரே நேரத்துல ரெண்டு பேர்.

மூணாவது பாகம் அவரு உயிரோட இருக்கிற வரைக்கும் முடியவே இல்ல. 2011ல இறந்த பிறகு 2013ல இருந்த வரைக்கும் ‘தி ப்ரோக்கன் ரோட்’னு போட்டாங்க, பாதி வாக்கியத்துல நின்னு போகுது. பதிப்பிச்சவங்க கடைசில ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க, 1935ல கிரீஸ்ல ஆதோஸ் மலை மடங்கள்ல சுத்தினப்ப அவரு எழுதின நிஜ டைரிய அப்படியே சேத்துட்டாங்க. கிழவரையும் பையனையும் ஒரே புக்குல பக்கத்துல வச்சு பாக்கலாம். என் ஓட்டு கிழவருக்குதான், மர்ஃபி பத்தி நான் எழுதினதுக்கு இது நேர் எதிர்னு தெரியும், இருக்கட்டும்.

ஜூன் 15

எப்ப எழுதினாங்கங்கற இதே கேள்விய ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோகிட்ட கொண்டு போனா இன்னும் சுவாரசியம். 1689ல ஜப்பானோட வடக்குப் பக்கம் நடந்தாரு, கூட சோராங்கற சீடர். குரு அந்தப் பயணத்த அப்புறம் வருஷக்கணக்கா செதுக்கி செதுக்கி எழுதினாரு, சீடர் தேதி, வானிலை, எங்க தங்கினோம்னு ஒரு சாதா டைரி வச்சிருந்தாரு. அந்த டைரி 1943லதான் அச்சுல வந்துச்சு. ரெண்டும் பல இடத்துல ஒத்துப் போகல. இச்சிபுரிங்கற ஊர்ல ஒரே சத்திரத்துல ரெண்டு தாசிகளும் தங்கினாங்க, மறுநாள் எங்களையும் துணைக்கு கூட்டிட்டு போங்கன்னு கேட்டாங்கன்னு பாஷோ எழுதறாரு, அதுக்கு ஒரு ஹைக்கூவும் உண்டு, அத சொன்னேன் சோரா எழுதிக்கிட்டாருன்னு வேற சொல்றாரு. சோரா டைரில அப்படி ஒரு சம்பவமே இல்ல!

சாட்சிய வேற கூப்பிட்டிருக்காரு பாருங்க.

ஜூன் 21

இத்தனை நாளா எப்ப எழுதினாங்கன்னே யோசிச்சிட்டு இருந்தேன். மலைபடுகடாம் எடுத்ததும் யாருக்கு எழுதினாங்கங்கறதுதான் பெரிய கேள்வியா தெரியுது. பத்துப்பாட்டுல ஒண்ணு, 583 அடி. நன்னன்ங்கற குறுநில மன்னன்கிட்ட பரிசு வாங்கிட்டு திரும்பி வர்ற கூத்தன், எதிர்ல வர்ற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்றான். பன்னிக்கு பொறி வச்சிருக்காங்க, ராத்திரி போகாதீங்க, விடிஞ்சப்புறம் போங்க. குழில பாம்பு இருக்கும். காவல்காரன் யானைய விரட்ட கவண்கல் விடுவான், மரத்துக்கு பின்னாடி மறைஞ்சு போங்க. சுனை ஓரம் வழுக்கும், கொடிய பிடிச்சுக்கோங்க, சின்னப் பசங்கள கூட்டிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே போங்க.

‘எனக்கு என்ன தோணுச்சு’ன்னு ஒரு வரி இல்ல. அவன் நடந்ததே அடுத்தவன் விழாம இருக்கத்தான்ங்கற மாதிரி இருக்கு. ஃபெர்மர் புக்க வச்சுக்கிட்டு ஒரு தெருவக்கூட கண்டுபிடிக்க முடியாது, இத வச்சுக்கிட்டு மலை ஏறலாம்.

ஜூன் 22

அப்படியே சிலப்பதிகாரம், நாடுகாண் காதை. கவுந்தியடிகளும் இதே மாதிரி எச்சரிக்கை சொல்றாங்க, கிழங்கு தோண்டின குழிய செண்பகப்பூ மூடியிருக்கும் பாத்து வைங்கன்னு. ஆனா அவங்க சமணத் துறவி இல்லையா, வயல் வழியா போனா நண்டும் நத்தையும் மிதிபட்டு சாகும், அந்தப் பாவம் தாங்க முடியாதுன்னும் சேத்து சொல்றாங்க. கீழ கிடக்கிறதுக்கு நம்ம காலே ஆபத்துன்னு நினைச்சுப் பாத்த நடைப்பயண புக்கு இந்த வரிசையில இது ஒண்ணுதான்.

ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல அவங்களால போக முடியல. புகார விட்டு கொஞ்ச தூரம்தான் வந்திருப்பாங்க, கண்ணகி மூச்சு வாங்கிக்கிட்டே மதுரை எதுன்னு கேக்கறா. இன்னும் முப்பது காதம், பக்கத்துலதான்ங்கறான் கோவலன்.