‘என் வேலையை யார் பார்ப்பாங்க?’

எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்த அந்த இரண்டு நாட்களில், வேலை போகிற 14 பேரிடம் பேசினேன். ஒருவர் அழுதார், ஒருவர் சண்டை போட்டார், இன்னொருவர் எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதெல்லாம் மங்கிவிட்டது. வாடிக்கையாளர்களிடம் பாக்கி வசூலைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் கேட்ட கேள்விதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

“அப்ப என் வேலையை யார் சார் பார்ப்பாங்க?”

“அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க மேடம்” என்றேன்.

அவர் மடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. கேட்கும்போதே அதைப் பாதி திறந்திருந்தார். நான் பதில் சொன்னதும் மூடி, ரப்பர் பேண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்க சார் கையெழுத்து போடணும்?” என்றார். மொத்தமே ஏழு நிமிஷம்தான்.

வேலை போகிறவர் கடைசியாகச் சொல்லிப் பார்க்கிற ஒன்று, ‘நான் இல்லாமல் நடக்குமா’ என்பதன் இன்னொரு வடிவம், என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். எச்.ஆர். கொடுத்த தாளிலும் அப்படித்தான் இருந்தது: விவாதத்துக்குள் போகாதீர்கள், முடிவு மாறும் என்ற நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள், சுருக்கமாக முடியுங்கள். அது தப்பான யோசனை இல்லை. மாறாது என்று தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேச்சை இழுப்பது எதிரில் இருப்பவரை வதைப்பது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் கெஞ்சவில்லை. பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டார். அது எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆனது.

பட்டியல் எப்படி உருவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையில் கை வைக்கக் கூடாது, உற்பத்தியில் கை வைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது அலுவலகம். எக்செலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ‘இந்த வேலையை வேறொருவர் செய்ய முடியுமா’ என்று ஒரு பத்தி. அவர் வரிசையில் ‘ஆம்’ என்று போட்டது நான்தான். 30, 45, 60 நாட்களில் நினைவூட்டல் மெயிலை மென்பொருளே அனுப்பிவிடும், போன் பேசுவதை விற்பனைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்கு. அந்த ஒரு வார்த்தையைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வேறு வழியே பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2009 மந்தத்தில் அமெரிக்காவின் பாரி-வேமில்லர் நிறுவனம் ஆட்குறைப்புக்குப் பதிலாக எல்லோரையும் 4 வாரம் சம்பளமில்லாத விடுப்பு எடுக்கவைத்ததையும், அதே சமயம் ஜெர்மனியில் வேலை நேரத்தைக் குறைத்து, அதனால் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே ஈடுகட்டியதையும் கூட்டத்தில் நானே எடுத்துச் சொன்னேன். நிதித் தலைவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அவங்களுக்கு ஆர்டர் திரும்பி வரும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. நமக்குப் போன கஸ்டமர் போனதுதானே?” என்றார். சரியான பேச்சு. தற்காலிகச் சரிவுக்குச் செய்கிற வைத்தியம் நிரந்தரச் சரிவுக்கு உதவாது. உடனே ஒத்துக்கொண்டேன். கொஞ்சம் சீக்கிரமாகவே ஒத்துக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆட்குறைப்பில் வெளியே தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஆளை அனுப்பினால் உடனே பணம் மிச்சமாகாது. நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான காசு, இழப்பீடு எல்லாம் முதலில் வெளியே போகும். மிச்சம் என்பது சில மாதங்கள் கழித்துத்தான். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் ரொக்கம் வேண்டும். அதற்காக 13 வாரக் கணக்கு ஒன்று வைத்திருந்தோம்: எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும். 9வது வாரத்தில் சம்பளத்துக்குப் பணம் இடித்தது. அந்தத் தாளில் எல்லோரும் முறைத்துப் பார்த்தது சம்பள வரியைத்தான். அதைவிடப் பெரிய வரி மேலேயே இருந்தது: வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியது. அந்த எண்ணை வாராவாரம் நிஜமாக்கிக்கொண்டிருந்தவரை நான் கீழே உள்ள வரியில் ஒரு செலவாகத்தான் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததை ஊகிக்கலாம். மெயில்கள் தவறாமல் போயின, பதில்தான் வரவில்லை. அடுத்த ஆர்டரை எதிர்பார்க்கிற விற்பனைப் பையன் அதே ஆளிடம் பழைய பாக்கியை எப்படி அழுத்திக் கேட்பான்? பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத இன்வாய்ஸைச் சத்தமில்லாமல் ஓரம் வைக்கிற வாடிக்கையாளர் அலுவலகம் ஒன்று. மாதத்தில் ஒரே நாள்தான் பணம் விடுவிக்கும் அலுவலகம் இன்னொன்று. அந்த நாளுக்கு முன்பே யாரிடம் பேச வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நோட்டில் அதெல்லாம் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை, அதனால் ‘இருந்திருக்கும்’ என்றுதான் சொல்ல முடியும்.

அவர் இருந்திருந்தால் பணம் வந்திருக்குமா? அதுவும் நிச்சயமில்லை. அந்த மாதங்களில் எல்லோரும்தான் கொடுக்க வேண்டியதை இழுத்தடித்தார்கள். அவரை வைத்துக்கொண்டிருந்தால் வேறொரு பெயர் பட்டியலில் ஏறியிருக்கும். எண்ணிக்கை 14 என்று முடிவாகிவிட்ட பிறகு, யாரைக் காப்பாற்றினாலும் இன்னொருவரைத் தள்ளித்தான் ஆக வேண்டும். ராத்திரி தூக்கம் வராதபோது இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நேரம் வேலை செய்கிறது.

மீதி நேரத்தில் வேறொன்று குடைகிறது. பாக்கி ஏறாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எனக்கு ஞாபகமாவது இருந்திருக்குமா? எனக்கு உறுத்துவது அவர் போனதா, அவரால் வந்துகொண்டிருந்த பணம் நின்றதா? மற்ற 13 பேரும் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவர்கள் போனதால் நிறுவனத்தில் எதுவும் நிற்கவில்லை.

கணக்குப் பிரிவுப் பையன் ஒருநாள் கேட்டான்: “சார், மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரவா?”

“வேண்டாம்” என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அனுப்பிவிட்டவரிடம் போய் ஓசியில் வேலை வாங்கக் கூடாது என்று நியாயமான ஒரு பதில் தயாராக இருந்தது.

அடுத்த வாரம், நாலு மாதமாக நின்றிருந்த ஒரு பெரிய பில் பாஸாகிப் பணம் வந்தது. எப்படி வந்தது என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.