பிராங்க்ளினின் ரோமத் தொப்பி

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றால் நமக்குப் பட்டமும் இடிதாங்கியும்தான் ஞாபகம் வரும். அமெரிக்க விடுதலைக்கு அவர் செய்த பெரிய வேலை நடந்தது என்னவோ பிரான்ஸில். பிரிட்டனுக்கு எதிரான போருக்கு உதவி கேட்டு 1776 டிசம்பரில் அங்கே போய் இறங்கும்போது வயது 70. பொய்முடி வைத்த பிரபுக்கள் நடுவே ரோமத் தொப்பியோடு திரிந்தார். மின்னலை அடக்கிய விஞ்ஞானி என்று பாரிஸே கொண்டாடியது. மனுஷன் அந்தப் புகழை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார் (கெட்டிக்காரர்!). சாரடோகாவில் அமெரிக்கப் படை பிரிட்டிஷாரை வென்ற செய்தி வந்ததும் பிரான்ஸோடு கூட்டணிப் பேச்சு சூடுபிடித்தது. 1778 பிப்ரவரி 6-ல் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்புறம் 1781-ல், போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் முற்றுகையில், பிரிட்டிஷ் படையின் கடல்வழியை அடைத்தவை பிரெஞ்சுக் கப்பல்கள்தான்.

இத்தனைக்கும் சொந்த மகன் வில்லியம் பிரிட்டிஷ் மன்னர் பக்கம். நியூஜெர்சி ஆளுநராக இருந்தவர். அந்த விரிசல் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை.