அப்பத்தாவின் தாயார் பெயர் என்ன?

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தந்தைவழியைப் பிடித்துக்கொண்டே மேலே போகிறார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, பட்டாவில் உள்ள தந்தை பெயர், குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு ஆகிய எல்லாமே நம்மை அந்த வழியில்தான் அழைத்துச் செல்கின்றன. ஆண்களின் பெயர்கள் நான்கைந்து தலைமுறைக்குக் கிடைத்துவிடுகின்றன. அவர்களைப் பெற்ற தாய்மார்களின் பெயர்களோ இரண்டாம் தலைமுறையிலேயே மறைந்துவிடுகின்றன. என் அப்பத்தாவின் தாயார் பெயரை எங்கள் வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. அதனால்தான், புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் வீட்டுப் பெண்களின் பிறந்த ஊரையும் பிறந்த வீட்டையும் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

இதற்கு நம் வீடுகளில் இருக்கும் மிகச் சிறந்த ஆவணம் மொய் நோட்டு. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால், வேறு எந்தக் காகிதத்தைத் தொலைத்தாலும் மொய் நோட்டை நம்மவர்கள் தொலைப்பதில்லை. எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் செய்முறைதான் முதலில் எழுதப்படும். என் தந்தையின் காதுகுத்து நோட்டில், மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமனின் ஊரும் தலைப்பெழுத்தோடு கூடிய பெயரும் பித்தளைப் பாத்திரங்களின் விவரமும் இருந்தன. அப்பத்தாவின் உடன்பிறந்தவர் அவர் என்பதால், அப்பத்தா பிறந்த ஊரும் அவருடைய தந்தை பெயரின் முதல் எழுத்தும் அந்த ஒரே வரியில் கிடைத்துவிட்டன. பின்வரும் பக்கங்களில் ஊர்வாரியாக எழுதப்பட்டிருக்கும் பெயர்களை வயதான ஒருவரிடம் வாசித்துக் காட்டினால், இவர் நமக்குச் சம்பந்தி முறை, அவர் சின்ன அத்தை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக அடையாளம் சொல்லிக்கொண்டே வருவார். 'நம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் அவர்கள் தயங்குவார்கள். ஒரு பெயரையோ ஓர் ஊரையோ முன்வைத்துக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

அடுத்தது பத்திரங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருடைய ஊர், தந்தை பெயர், சாதி, தொழில் ஆகியவை வழக்கமாகவே இருக்கும். நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில் பக்கத்து நிலத்துக்காரர்களாக வருகிறவர்களில் பலர் பங்காளிகளாக இருப்பார்கள். பெண்களின் பெயர்களைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பத்திரங்கள் சில உண்டு. தந்தை இளமையிலேயே இறந்து பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால், 'மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று தாயின் பெயரில் பத்திரம் எழுதப்பட்டிருக்கும். மொய் நோட்டு காட்டிய ஊருக்குச் சென்று, தாய்மாமன் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்த பத்திரங்களைப் பார்த்தபோது, அப்படி ஒரு போக்கியப் பத்திரத்தில், ஊதா மைப் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில், அப்பத்தாவின் தாயார் பெயர் இருந்தது. எங்கள் பெரிய அத்தைக்கு வைத்திருந்த பெயரே அது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரைப் போலப் பேத்திக்குப் பாட்டியின் பெயரையும் வைப்பது வழக்கம் என்பதால், பெயர் தெரியாத பாட்டியைத் தேடும்போது அவருடைய மூத்த பேத்திகளின் பெயர்களையும் கவனிப்பது நல்லது.

பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு, சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுப்பவர் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. அதன் பிறகு எழுதப்பட்ட விடுதலைப் பத்திரங்களில், பங்கை விட்டுக்கொடுத்த சகோதரிகளின் பெயர்களும் கணவர் பெயர்களும் முகவரிகளும் வரிசையாகக் கிடைக்கும். அந்தக் கையெழுத்துகள் எப்படிப் பெறப்பட்டன என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த கதை. அதையும் வரலாற்றின் பகுதியாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சர்வே எண் தெரிந்தால், ஒரு நிலத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று வழியாகப் பத்திர எண்களைப் பிடிக்கலாம். 1975க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் உள்ளன. இணையத்தில் கிடைக்காத பழையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜாதகக் குறிப்புகளில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 'குரோதி ஆவணி' என்றால் 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதை வைத்து முடிவு செய்ய வேண்டும். எம்டன் குண்டு போட்ட வருடம், தனுஷ்கோடிப் புயல் அடித்த வருடம் என்று பெரியவர்கள் சொல்வதைக் குறைவாக மதிக்க வேண்டாம். முன்னது ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னையைத் தாக்கிய 1914 செப்டம்பர், பின்னது 1964 டிசம்பர் என்று நாம் உறுதியாகக் குறித்துக்கொள்ளலாம்.

முன்னோர்கள் கடல் கடந்து சென்ற குடும்பங்களுக்கு வேறு வழி உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் பெண்களுக்கும் தனி எண், பெயர், வயது, ஊர் ஆகிய விவரங்கள் எழுதப்பட்டன. சொந்த ஊரில் எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் மட்டும் இருக்கக்கூடும்.

கிடைப்பதையெல்லாம் எழுதும்போது, ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் எதிரே பிறந்த ஊர், தாய் பெயர், தந்தை பெயர் என்று மூன்று கட்டங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தெரியாததை வெற்றிடமாகவே விடுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். சித்தப்பா ஒன்றும் அத்தை வேறொன்றும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அவற்றில் எது சரி என்பதைப் பிறகு ஏதேனும் ஒரு பத்திரமோ பழைய கல்யாணப் பத்திரிகையோ காட்டக்கூடும்.