குரோமியம் இறங்கிய போர்வெல்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் விளைநிலத்தில் கொட்டிப்போன முலாம் பட்டறைக் கழிவை அகற்றும் வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டவை இவை. போர் தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தால், இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 குரோமியத்துக்கு வைத்த வரம்பை (லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்) அது பல மடங்கு தாண்டிவிட்டது. தெளிவாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்றும் சொல்ல முடியாது.

எல்லோரும் முதலில் செய்வது, "இறைத்தால் சரியாகிவிடும்" என்று இரவு பகலாக மோட்டார் ஓட்டுவது. தயவுசெய்து ஓட்டாதீர்கள். இங்கே மேலே மக்கிய மண், கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடும். மோட்டார் இழுக்க இழுக்க, மேலே நிற்கும் விஷத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கும். கேசிங் (போரின் மேல்பகுதிக் குழாய்) பாறையில் இறுகி உட்காராத போரில் இது இன்னும் வேகம். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். குரோமியம் இரண்டு வடிவில் இருக்கும்: விஷம் குறைந்து அடங்கிக் கிடக்கும் மூன்று இணைதிறன், தண்ணீரில் கரைந்து ஓடும் ஆறு இணைதிறன் விஷம். முதலாவதை ப்ளீச்சிங் பவுடரின் குளோரின் மறுபடி இரண்டாவதாக மாற்றிவிடும்.

அடுத்தது மாதிரி எடுப்பது. பாதி வேலை கெட்டுப்போவது இங்கேதான். 6 அங்குல போரில் ஓர் அடிக்கு சுமார் 5.5 லிட்டர் நிற்கும். 400 அடி தண்ணீர் இருந்தால் 2,200 லிட்டர். அதில் மூன்று மடங்கை வெளியேற்றி, பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறி இறங்காமல் நின்ற பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். வெளியேற்றும் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் டேங்கில் சேருங்கள். மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில், ஆறு இணைதிறனுக்கு அமிலமே படாத தனி பாட்டில். இரண்டாவதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அமிலம் பட்டால் ஆறு மூன்றாக மாறி அளவு குறைவாகக் காட்டும், புகாரும் அங்கேயே பலவீனமாகிவிடும்.

புகாரைக் கன்னடத்தில் எழுதி, பஹணி (நில உரிமை, பயிர்ப் பதிவேடு) நகலோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுங்கள். மாசடைந்த தளங்களுக்கென்றே 2025இல் தனி விதிகள் வந்திருக்கின்றன, அவற்றைக் குறிப்பிடுங்கள். அதிகாரிகள் நிலத்தைப் பார்த்து மகஜர் (நேரடி ஆய்வுக் குறிப்பு) எழுதும்போது பக்கத்து நிலத்துக்காரர் கையெழுத்தும் இருக்கட்டும்.

மண்ணை எடுக்காமல் தண்ணீரைச் சுத்தம் செய்வது வீண். மழைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். ஜேசிபிக்காரர் நல்ல மண்ணையும் சேர்த்து வாரினால் அபாயக் கழிவின் எடையும் செலவும் ஏறும். அதனால் நிறம் மாறிய பகுதியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். தோண்டி முடித்ததும் குழியின் நான்கு பக்கச் சுவரிலும் அடியிலும் மண் எடுத்துச் சோதித்த பிறகே மூட வேண்டும். லாரி தாபஸ்பேட்டை அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போகும்போது படிவம் 10 (கழிவை அனுப்பும் சீட்டு) ஏழு நகலில் ஒன்று வாரியத்துக்கு, ஒன்று அனுப்புபவரிடம், மீதி ஐந்தும் லாரியோடு போகிறதா என்று பாருங்கள்.

டேங்கில் இறைத்துச் சேர்த்த தண்ணீருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்), அது ஆறு இணைதிறனை மூன்றாக மாற்றும். ஒரு கிராம் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குக் கணக்குப்படி 16 கிராம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள 5,000 லிட்டர் டேங்கில் குரோமியம் 10 கிராம், அன்னபேதி 160 கிராம். காற்று கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் இரட்டிப்பாகப் போடுகிறோம். வெளிர்பச்சையாக இருக்கும் சரக்கு மட்டுமே வேலை செய்யும், பழுப்பேறியது துருப்பிடித்துவிட்டது. கரைத்த உடனே ஊற்றிக் கலக்குங்கள். பிறகு நீர்த்த சுண்ணாம்பால் பிஎச்சை 8 முதல் 8.5க்குள் கொண்டுவந்து இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, அமிலம் சேர்த்து, டைஃபீனைல் கார்பசைடு (ஆறு இணைதிறனைக் காட்டும் சோதனை மருந்து) சொட்டும்போது ஊதா கலந்த சிவப்பு வந்தால் இன்னும் விஷம் மிச்சமிருக்கிறது. அடியில் நிற்கும் சகதியும் அபாயக் கழிவுதான், வரப்போரம் கொட்டக் கூடாது.

போருக்குள்ளேயே மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) விட்டுக் குரோமியத்தை அடக்கும் முறையும் உண்டு. வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே மட்டும்தான் அது போய்ச் சேரும், இரும்பும் மாங்கனீசும் கரைந்து தண்ணீர் நாறும். நிலத்தடி நீர் நிபுணர் இல்லாமல் தொடாதீர்கள்.

அளவு குறைந்ததும், சுத்தம் செய்வதற்காக இறைப்பதை நிறுத்தி ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும், மழைக்குப் பிறகும் சோதியுங்கள். பாறை வெடிப்பில் ஊறியிருப்பது மெல்லக் கசிந்து மறுபடி ஏறும். அதுவரை மாடுகளுக்கு டேங்கர் தண்ணீர், யாரும் மோட்டாரை ஓட்டிவிடாதபடி போரின் ஸ்டார்ட்டரில் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள்.